முழங்கால் உயரத்தில் ஒரு வயல்

"கோரைமங்கலத்துல ஒரு வயலு தரையை விட்டுக் கிளம்பிருச்சாம்ல. எங்க கொழுந்தனாரு அடியில கையை விட்டுப் பாத்துட்டு வந்து சொல்றாரு, சிலுசிலுன்னு காத்து வருதாம்."

மன்னார்குடியிலிருந்து திரும்பும் டவுன் பஸ்ஸில், பின் சீட்டில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம் இதைச் சொன்னாள்.

"யாரு வயலுடி?"

"கலியபெருமாளு வயலு. அந்த இழுப்புக்காரக் கெழவன் இருக்கானே, மோட்டார் கொட்டாயில கயித்துக் கட்டிலைப் போட்டுக் கெடப்பானே, அவன் வயலு."

முன் சீட்டில் மடியில் மருந்துப் பையோடு உட்கார்ந்திருந்தவள் அந்தக் கிழவரின் மருமகள் தையல்நாயகி. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பெயரே அடிபட்டாலும் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று இருந்துவிடுகிற சுபாவம் அவளுக்கு. ஆனால் அந்தக் கொழுந்தனார் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரியும். முந்தின நாள் காலையில் களை பார்க்கப் போனபோது, தங்கள் வரப்புக்கும் அதன் கீழே இருந்த தரைக்கும் நடுவே நூல் பிடித்த மாதிரி ஒரு வெளிச்சக் கோடு ஓடியதையும், அந்தக் கோட்டின் வழியாக மறுபக்கம் மேய்ந்துகொண்டிருந்த ஆட்டின் குளம்புகள் தெரிந்ததையும் அவள் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, மாமாவுக்குத் தெரியாமலா இருக்கும் என்று வீட்டுக்கு வந்து உலை வைத்துவிட்டாள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே வயலுக்குப் போனாள். நாலு மா நிலமும், அதன் நாலு பக்க வரப்பும், அதில் நின்ற குறுவை நெல்லும், நெல்லுக்கு நடுவே நின்ற தண்ணீரும், தண்ணீரில் நின்ற கொக்கும், அந்தக் கொக்கு பார்த்துக்கொண்டிருந்த தவளையும், எல்லாம் அது அது இருந்த இடத்தில் அப்படி அப்படியே, ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தூக்கின மாதிரி, தரையிலிருந்து ஒரு சாண் மேலே இருந்தன. மோட்டார் கொட்டகை வாசலில் கலியபெருமாள் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பாத்தியா தையலு?"

"பாத்தேன் மாமா."

"தண்ணி பாய்ச்சுற ஓசு எட்டல. இன்னும் கொஞ்சம் வாங்கி ஒட்டணும்" என்றார்.

கோரைமங்கலத்தில் ஒரு மனிதனின் யோக்கியதையை அவன் வயலில் நிற்கும் தண்ணீரை வைத்துத்தான் அளப்பார்கள். பெண் கேட்டுப் போகிறவர்கள்கூட வழியில் மாப்பிள்ளை வீட்டு வயலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வீட்டுப்படி ஏறுவார்கள். அந்த அளவில் கலியபெருமாளுக்கு மேல் யாரும் இல்லை. அவர் வயலில் தண்ணீர் வற்றி யாரும் பார்த்ததில்லை. ஆற்றில் தண்ணீர் வந்த காலத்தில் மடையிலேயே காவல் கிடந்தவர், போர் போட்ட பிறகு மோட்டார் கொட்டகையிலேயே குடியேறினார். அந்த மோட்டாரில் ஒரு ஆட்டோ பெட்டி உண்டு. மும்முனைக் கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று ஒருவருக்கும் தெரியாத ஊரில், கரண்ட் வந்ததும் தானே மோட்டாரை ஓடவிடுகிற பெட்டி அது. கோரைமங்கலத்தில் எல்லாக் கொட்டகையிலும் அந்தப் பெட்டி உண்டு, எல்லாப் பெட்டியிலும் சிவப்பு விளக்கு உண்டு, அந்தச் சிவப்பு விளக்கை அணைக்கிற வழக்கம் மட்டும் எந்தக் கொட்டகையிலும் இல்லை. மழை கொட்டும், வயல் நிரம்பி வாய்க்கால் நிரம்பி ரோடு நிரம்பும், அந்த மழைக்குள் மோட்டார் தன் பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டிருக்கும்.

கலியபெருமாளுக்கு அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஆறு வராத ஒரு வருஷம், வயல் வாய் பிளந்து கிடந்தபோது, வெடிப்புக்குள் கால் மாட்டி அவருடைய செவலைக் காளைக்கு முன்னங்கால் முறிந்தது. நொண்டிக்கொண்டு நின்ற மாட்டை லாரிக்காரன் ஏற்றிக்கொண்டு போனபோது அது ஒருமுறை திரும்பிப் பார்த்ததாக அவர் சொல்லுவார். லாரியில் ஏற்றின மாடு எப்படித் திரும்பும் என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. அதற்கப்புறம் அவர் மாடு வாங்கவில்லை, வயலில் வெடிப்பு விடவும் விடவில்லை. இழுப்பும் அந்த வருஷத்தில்தான் வந்தது. "இழுக்க முடியுதுடி, விடத்தான் முடியல" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொல்லுவார். தையல்நாயகி உறிஞ்சுகிற மருந்துக் குழலை அவர் வாயில் வைத்து அழுத்துவாள். ஓமனில் வேலை பார்க்கும் கணவன் இளங்கோவன் போன் செய்யும்போதெல்லாம் முதலில் கேட்பது அந்த நெஞ்சின் சத்தத்தைப் பற்றித்தான். வயல் கிளம்பின வாரம் மட்டும், "ரீல்ஸ்ல பாத்தேன் தையலு, நம்ம வயலா அது, அடியில யாரோ குடையை விட்டுத் துழாவிக்கிட்டு இருக்காங்க" என்று கேட்டான்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. எதையும் பழகிக்கொள்ள ஊருக்கு எத்தனை நாள் வேண்டும்? களை பறிக்கிறவர்களின் கூட்டத்துக்குத் தலைவி மருதாயி வந்து, வயலை ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு சாணா இருந்தாலும் ஏணி வச்சாத்தான் ஏறுவோம், ஏணிக்குன்னு தனியா டீ வாங்கித் தரணும்" என்றாள். ஏணி வைத்தார்கள். ஏறினவர்கள், மெத்தையில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்று முதலில் சிரித்தார்கள், அப்புறம் நிஜமாகவே தூக்கம் வருகிறது என்றார்கள், ஒருத்தி வரப்பில் தலை வைத்துத் தூங்கியும் போனாள். கிராம நிர்வாக அலுவலர் வந்து, நிலம் என்றால் பட்டா உண்டு, நிலத்துக்குக் கீழே உள்ள நிழலுக்குப் பட்டா உண்டா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு, மேலே கேட்டு எழுதுவதாகச் சொல்லிப் போனார். பக்கத்து வயல்காரர் ராஜாங்கம் மட்டும் கொஞ்சநாள் முகம் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் மண்வெட்டியால் வரப்பை அவர் தன் பக்கமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அரிந்து வந்தது, வயல் மேலே போனதும், கடித்த ரொட்டி மாதிரி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

ஒரு சாண் இரண்டு சாணானது. முழங்காலுக்கு வந்தது. டீக்கடைச் சிங்காரம் அந்த நிழலில் சீட்டு விளையாடத் தவழ்ந்து போனவன், படுத்தபடி பீடி பற்றவைத்தபோது தலைக்கு மேலே ஒரு நீலச் சுடர் மின்மினி மாதிரி ஓடி அணைந்ததைப் பார்த்தான். மறுநாள் ஒரு குழாயைச் செருகி அடுப்பை மூட்டினான். வயலின் வயிற்றிலிருந்து வந்த காற்றில் பால் கொதித்தது. ரோட்டோரக் கடையைச் சாத்திவிட்டு ஏணிக்குப் பக்கத்தில் பெஞ்சு போட்டான். வெளியூர்க்காரர்கள் காரில் வந்தார்கள், வயலைப் பார்த்தார்கள், டீ குடித்தார்கள், கலியபெருமாளோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு போட்டோவிலும் மூச்சை அடக்கிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

"தண்ணி மேல தண்ணி கட்டுனவருக்குச் சாமி குடுத்த பரிசுங்கிறேன்" என்று சிங்காரம் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னான். அதை ஊரும் கேட்டது. கேட்டுவிட்டு, ஒவ்வொருவராகத் தங்கள் வயலில் வடிகாலை அடைத்தார்கள், வரப்பை உயர்த்தினார்கள், இரண்டு ஓசு விட்ட இடத்தில் மூன்று விட்டார்கள். போர்க்குழாய்கள் ஆழத்திலிருந்து தண்ணீரோடு மணலையும் கக்கின. கோயில் குளத்தில் படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. யாரும் அதைப் பார்க்கவில்லை, எல்லோரும் தங்கள் வரப்புக்குக் கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் தெரிந்தது ராஜாங்கத்துக்கு. அன்றைக்கு அவர் தெருவில் சர்க்கரை கொடுத்தார், கலியபெருமாளிடமும் வந்து, "என்னா மச்சான், இப்ப என்ன சொல்றீங்க?" என்றார்.

"வரப்பு கோணலா இருக்கு, சாஞ்சு கெளம்பப்போவுது, பாத்துக்க" என்றார் கலியபெருமாள்.

வேளாண்மை அலுவலகத்திலிருந்து ஷர்மிளா பானு ஸ்கூட்டியில் வந்தது அந்த வாரத்தில்தான். சின்னப் பெண். இரண்டு வருஷமாக ஊருக்கு வந்து கூட்டம் போடுகிறவள். ஓட்டை போட்ட ஒரு குழாயை வயலில் நட்டு, அதற்குள் தண்ணீர் ஒரு சாண் கீழே போன பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும் என்று சொல்லிச் சொல்லி, ஆளுக்கொரு குழாய் இலவசமாகவும் கொடுத்திருந்தாள். "வயலுக்கு ட்யூப் மாட்டுறாங்கடா, ஆஸ்பத்திரியில மாட்டுற மாதிரி" என்று ஊர் சிரித்தது. அந்தக் குழாய்கள் இப்போது கோரைமங்கலத்தில் கொடிக் கம்பாகவும், ஒரு வீட்டில் பூச்செடிக்குத் தொட்டியாகவும் இருந்தன. அவள் வயலின் விளிம்பில் கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். சுற்றிலும் இருந்தவர்களை விட்டுவிட்டு, ஏணிக்குப் பின்னால் தள்ளி நின்ற தையல்நாயகியிடம் வந்தாள்.

"அக்கா, தண்ணி நின்னுக்கிட்டே இருந்தா சேத்துக்குள்ள காத்து போகாது. காத்து போகாத சேத்துல வேரு, தாளு எல்லாம் மக்கி ஒரு வாயு உண்டாவும். எல்லா வயல்லயும் உண்டாவுறதுதான். குமிழி குமிழியா வெளிய வந்து வானத்துக்குப் போயி அதைச் சூடாக்கிட்டு இருக்கும், நமக்குத் தெரியாது. வெயிலு வருஷத்துக்கு வருஷம் ஏறுதுன்னு மட்டும் தெரியும். ஆனா இந்த வயல்ல..."

"வெளிய வரல" என்றாள் தையல்நாயகி.

"ஆமாக்கா. உள்ளயே அடக்கி வச்சுக்கிட்டு இருக்கு. எங்க புத்தகத்துல குமிழியோட நிறுத்திட்டாங்க, வயலே கெளம்பும்னு போடல."

"எறங்குமா மேடம்?"

"தண்ணியை நிறுத்துனா எறங்கும்னு நினைக்கிறேன். மயிரிழை மாதிரி வெடிப்பு விடணும், அதுவரைக்கும் காயப்போடணும். அப்புறம் தண்ணி கட்டுங்க, மறுபடி காயப்போடுங்க. தூர் கட்டுற பயிருதானே, ஒண்ணும் ஆவாது, வேரு இன்னும் கீழதான் போவும். இதைத்தான் ரெண்டு வருஷமா சொல்றேன், பிஸ்கட்டைத் தின்னுட்டு எழுந்து போயிடுறீங்க." ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "ஆடி காத்து வருதுக்கா. அதுக்குள்ள எறக்கிட்டா நல்லது."

தையல்நாயகி அன்று சோறு போடும்போது அதை மாமாவிடம் சொன்னாள். தட்டைப் பார்த்துக்கொண்டு, மயிரிழை என்கிற சொல்லை மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

"மயிரிழைதான் மொதல்ல" என்றார் கலியபெருமாள். "அப்புறம் வெரக்கடை. அப்புறம் ஒரு மாட்டுக் காலு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவள் ஒரு சொல்லுக்கு மறு சொல் சொன்னதில்லை. ஒருநாள் மத்தியானம் அவர் கட்டிலில் கண்ணயர்ந்திருந்தபோது, சோற்றுத் தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டோ பெட்டியின் சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச்சில் விரலை வைத்தாள். விரல் அங்கேயே இருந்தது. கட்டிலின் கயிறு முனகியது. திரும்பினால் அவர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரலை எடுத்து, சுவிட்ச்சின் மேல் இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள், துடைக்கத்தான் வந்தவள் போல.

வயல் இடுப்பு உயரம் வந்தபோது அவர் கயிறு கட்ட ஆரம்பித்தார். வைக்கோல் போருக்குக் கட்டுகிற கயிறு, கிணற்றுத் தாம்புக் கயிறு, செவலையின் மூக்கணாங்கயிறுகூட, பெட்டியிலிருந்து வந்தது. நாலு மூலையிலும் வரப்பில் முளையடித்து, பூவரச மரத்துக்கும் கொட்டகைத் தூணுக்கும் இழுத்துக் கட்டினார். வயலுக்கு அடியில் போகிற முடிச்சுகளைப் போட மட்டும் தையல்நாயகியை அனுப்பினார். "மண்ணுக்கு அடியில மனுசன் ஒரு தடவைதான் போவணும், நான் அப்பப் போயிக்கிறேன்" என்றார்.

அப்படித்தான் அவள் அடியில் போனாள். சிங்காரத்தின் பெஞ்சைத் தாண்டி, சீட்டு விளையாடுகிறவர்களின் பேச்சைத் தாண்டி, ஆட்கள் யாரும் போகாத ஈசானி மூலைப் பக்கம் குனிந்து போகப் போக, நிழல் பச்சை நிறத்தில் இருந்தது. தலைக்கு மேல் நெல்லின் வேர்கள் வெள்ளை வெள்ளையாகத் தொங்கின, ஒவ்வொரு வேரின் நுனியிலும் ஒரு சொட்டு நின்றது. உழவும் மருந்தும் உரமும் தொடாமல் கிடந்த அந்தக் கீழ்த்தரையில், எங்கிருந்து வந்ததென்று தெரியாமல், எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. வளை வளையாக நண்டு இருந்தது. அவள் சின்ன வயதில் பார்த்ததோடு சரி என்று நினைத்திருந்த நத்தை இருந்தது. குழிந்த இடத்தில் தேங்கிய தண்ணீரில் கெளுத்திக் குஞ்சுகள் மீசையோடு திரிந்தன. மூலையில் கோரைப்புல் அடர்ந்து வளர்ந்திருந்தது, அதற்குள் வெள்ளை நெஞ்சோடு ஒரு கானாங்கோழி, வாலைத் தூக்கித் தூக்கி அவளைத் திட்டிவிட்டு, நகராமல் உட்கார்ந்திருந்தது. அது நகராததிலிருந்தே அடியில் முட்டை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

முடிச்சைப் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. மேலே, சேற்றுக்குள்ளே, வீ... வீ... என்று, மெல்லிசாக, ஒரு துளை வழியாகப் போக முடியாத காற்று திரும்பத் திரும்ப முட்டுகிற சத்தம். அந்தச் சத்தத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து மாமாவின் நெஞ்சில் கேட்கிற சத்தம் அது.

ஆடி வெள்ளியன்று ராஜாங்கத்தின் வயல் போனது. கயிறு வாங்கச் சோம்பல்பட்டு அவர் அதைக் கரண்ட் கம்பத்தில் கட்டியிருந்தார். லைன்மேன் திட்டி அவிழ்க்கச் சொன்னபோது, கோயிலில் கஞ்சி ஊற்றி முடிந்ததும் வேறு இடத்தில் கட்டுகிறேன் என்று அவிழ்த்துவிட்டுக் கஞ்சிக்குப் போனார். மேற்கே இருந்து காற்று வந்தது. மாரியம்மன் கோயில் வாசலில் தூக்குச்சட்டியோடு வரிசையில் நின்றவர்களின் மேல் ஒரு நிழல் விழுந்தது. மேகம் என்று நினைத்துப் பெண்கள் காயப்போட்ட வத்தலை நினைத்தார்கள். அண்ணாந்து பார்த்தால், ஒரு பக்கம் அரிந்த வரப்போடு, நீல ஓசு வால் மாதிரி தொங்க, இரண்டு கொக்குகள் அசையாமல் நிற்க, வயல் தென்னை மரங்களுக்கு மேலே கிழக்கே போய்க்கொண்டிருந்தது. ஓசிலிருந்து வழிந்த தண்ணீர் கோயில் வாசலில் கொஞ்சம் தெறித்தது. "எலேய், நில்லுடா!" என்று ராஜாங்கம் வயலைப் பார்த்துக் கத்தினார். மொபெட்டை எடுத்துக்கொண்டு துரத்தினார். முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டுக்கு மேலே அது கடலுக்குப் போனதைப் பார்த்ததாக மீன்பிடிக்கிறவர்கள் சொன்னார்கள். அவர் போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தார். எழுதிக்கொண்டவர் காணாமல் போன பொருளுக்கு அடையாளம் கேட்டபோது, "நாலு மூலை" என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

திரும்பி வந்தவர், வயல் இருந்த இடத்தில், தோலுரித்த மாதிரி கிடந்த வெற்றுத் தரையின் நடுவே போய் நின்றார். கலியபெருமாள் அவர் தோளில் கை வைத்தார். இரண்டு பேருமே வரப்பைப் பற்றிப் பேசவில்லை.

ஊர் அன்றைக்கும் ஆட்டோ பெட்டியை அணைக்கவில்லை. கயிறு வாங்கியது. கடைத்தெருவில் கயிறு தீர்ந்துபோனது. கலியபெருமாள் வயலின் கயிறுகள் காற்றில் இழுபட்டு நாதஸ்வரத்துக்குச் சுருதி போடுகிற மாதிரி ஒரே சத்தமாக ஒலித்துக்கொண்டிருந்தன. பூவரச மரத்தில் பட்டை உரிந்தது. கொட்டகைத் தூணில் விரிசல் விழுந்தது. சிங்காரம் பெஞ்சை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கே போனான். போகும்போது, "இன்னும் ரெண்டு கயிறு போடுங்க பெரியப்பா, வெள்ளிக்கிழமை வெளியூர்க் கூட்டம் வருது" என்று சொன்னான். அவர் அவனைப் பார்த்த பார்வையில் அவன் குழாயையும் பிடுங்கிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் அவருக்கு இழுப்பு வந்தது. கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு இருந்தார். தையல்நாயகி மருந்தை வைத்து அழுத்தினாள். முதுகைத் தடவினாள். வீ... வீ... என்று வந்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, காற்று வெளியே போய், தோள்கள் தாழ்ந்தன. அப்போது அவள், அவர் முதுகில் கையை வைத்தபடியே, அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து பேசாததை எல்லாம் சேர்த்துப் பேசுகிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"வயலுக்கும் இதேதான் மாமா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அடியில போனேன்ல, கேட்டேன். இதே சத்தம். இழுக்குது, விட முடியல. நீங்க விடுறதுக்கு நான் மருந்து வாங்கியாறேன். அதுக்கு நீங்கதான மாமா இருக்கீங்க."

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. காற்றில் கயிறுகள் ஒலித்தன.

"வெடிக்கும்டி" என்றார் அவர்.

"மயிரிழை வரைக்கும்தான். நான் கூடவே நின்னு பாக்குறேன். வெரக்கடை ஆவ விடமாட்டேன். அங்க மாடு ஒண்ணும் இல்ல மாமா இப்ப." பிறகு, சொல்லலாமா என்று தயங்கி, "ஈசானி மூலையில ஒரு கானாங்கோழி அடை காக்குது. வயலு எறங்குனா அது நசுங்கிப் போயிரும். அது ஒண்ணுதான் எனக்குச் சங்கடமா இருக்கு" என்றாள். சொல்லிவிட்டு, பேசினது அதிகம் என்று தோன்றியதால், தூக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பாதி தூரம் போனபோது பின்னால் என்னமோ நின்றுபோனது. காற்று அல்ல, கயிறுகள் அல்ல, அவை ஒலித்துக்கொண்டுதான் இருந்தன. என்ன நின்றது என்று அவளுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் கோரைமங்கலத்துக்கு வந்ததிலிருந்து, கரண்ட் இருக்கும்போது, அந்த மோட்டார் நின்று அவள் கேட்டதில்லை. திரும்பிப் பார்த்தாள். கொட்டகைக்குள் சிவப்பு விளக்கு இல்லை.

ஊர் வந்து பார்த்தது. கலியபெருமாள் ஆட்டோவை அணைத்துவிட்டார் என்ற சேதி, வயல் பறந்த சேதியைவிட வேகமாகப் போனது. "கெழவனுக்குக் கிறுக்குப் புடிச்சுருச்சுங்கிறேன்" என்றார்கள். மருதாயி மட்டும் ஏணியில் ஏறி, மடையைத் திறக்கத் தையல்நாயகிக்கு ஒரு கை கொடுத்தாள். மேலிருந்து தண்ணீர் வாய்க்காலில் விழுந்த சத்தத்தைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு தண்ணியையா இந்த நெல்லு குடிச்சுச்சு, பாவம், குளிச்சுக்கிட்டுல இருந்திருக்கு" என்றாள். வெயில் அடித்தது. சேறு இறுகியது. தையல்நாயகி தினமும் ஏறி, வரப்பில் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூச்செடி இருந்த வீட்டில் கேட்டு வாங்கிவந்து, அந்த ஓட்டைக் குழாயை வயலின் நடுவில் நட்டாள். ஒருநாள் காலையில் அதற்குப் பக்கத்தில், தலைமுடி ஒன்று உதிர்ந்து கிடக்கிற மாதிரி, ஒரு வெடிப்பு இருந்தது. குனிந்து கன்னத்தை வைத்தாள். வெதுவெதுப்பான காற்று, நீளமாக, முடியாமல், வந்துகொண்டே இருந்தது. கீழே கயிறுகள் ஒவ்வொன்றாகத் தொய்ந்தன.

ஷர்மிளா பானு ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்து பார்த்தாள். "எறங்குதுக்கா" என்றாள், கோயிலில் பேசுகிற குரலில். ராஜாங்கம் வந்து பார்த்தார். திரும்பிப் போனார். போன கொஞ்ச நேரத்தில் ஊரில் இன்னொரு மோட்டார் நின்றது. அது அவருடையது, இப்போது எந்த வயலுக்கும் பாயாதது, இருந்தாலும் அவர் அதை அணைத்துவிட்டு வந்திருந்தார்.

இடுப்பு உயரத்திலிருந்து வயல் முழங்கால் உயரத்துக்கு வந்தது. தையல்நாயகி ஈசானி மூலையில் மண்டியிட்டு அடியில் பார்த்தாள். கானாங்கோழி இன்னும் உட்கார்ந்திருந்தது. அதன் முதுகுக்கு மேலே வேர்கள் தாழ்ந்து வந்துகொண்டிருந்தன. செங்கல் வைக்கலாமா என்று நினைத்தாள், சேற்றில் புதைந்துபோகும். கழி நடலாமா என்று நினைத்தாள், கழி மண்ணைக் குத்திக்கொண்டு மேலே போய்விடும். மண்டியிட்டபடியே இருந்தாள். முந்தானை சேற்றில் புரண்டது.

பின்னால் யாரோ இரைக்கிற சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

கலியபெருமாள் மோட்டார் கொட்டகையிலிருந்து தன் கயிற்றுக் கட்டிலைத் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு வரப்போரமாக வந்துகொண்டிருந்தார். அவள் எழுந்து பிடிக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கட்டிலை இறக்கினார். துண்டை எடுத்துத் தலையில் கட்டினார். நெஞ்சில் ஒருமுறை கையை வைத்து, உள்ளே இருந்த காற்றை எல்லாம் வெளியே விட்டார். பிறகு மண்டியிட்டு, கட்டிலைத் தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே, தன் வயலுக்கு அடியில் தவழ்ந்து போனார். கானாங்கோழி அவரைத் திட்டியது. அவர் கோரைப்புல்லை விலக்கி, கட்டிலை அதன் கூட்டுக்கு மேலே நிறுத்தி, நாலு காலையும் ஒவ்வொன்றாக மண்ணில் அழுத்தி ஊன்றினார்.